டூரிங் பைக்கின் சஸ்பென்ஷன்: ஷாக் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தனியாகப் போனால் அந்த ஏற்றம் ஒரு மாதிரி. பின்னால் ஒருவரை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பை மாட்டி, டாப் பாக்ஸும் வைத்துப் போனால் முற்றிலும் வேறு மாதிரி. முதல் தடவை மனைவியுடன் ஏறியபோது என் வண்டி ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கமாக விலகிக்கொண்டே போனது. சின்னப் பள்ளம் வந்தாலும் பின்பக்கம் ‘டங்’ என்று அடித்தது. அடிவாரத்துக்குத் திரும்பியபோது அவளுக்கு முதுகுவலி, எனக்குத் தோள்வலி.

ஊருக்கு வந்ததும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். விலை கூடிய ஒரு ஜோடி ஷாக், அதாவது பின்பக்கத்து ஷாக் அப்சார்பர், வாங்கி மாட்டினேன். விற்றவர் என் எடையைக் கேட்கவில்லை, எத்தனை பேர் போவீர்கள் என்றும் கேட்கவில்லை. மாட்டிய பிறகு தனியாக ஓட்டினால் ரோட்டின் ஒவ்வொரு பொடிக்கல்லும் இடுப்பில் தெரிந்தது. இரண்டு பேர் போனால் பின்பக்கம் பழையபடி அமுங்கியே கிடந்தது.

கடைசியில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். “அளந்து பாத்தியா தம்பி?” என்றார்.

“எதண்ணே?”

“வண்டி எவ்வளவு உட்காருதுன்னு.”

டேப்பை எடுத்தார். என்னை ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார், மனைவியையும் அழைத்து வரச் சொல்லி மறுபடி அளந்தார். “இது தனியா ஓட்டுற 60 கிலோ ஆளுக்குப் போட்ட ஸ்பிரிங். நீங்க ரெண்டு பேரும் பையும் சேர்ந்தா 170 கிலோ வருது. ஷாக் நல்ல ஷாக்தான். உங்களுக்கானது இல்லை.”

சஸ்பென்ஷன் மாற்றுவது பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே அந்த அரை மணி நேரத்தில் இருந்து தொடங்கியதுதான். இன்னும் பணம் செலவழிக்காதவர்களுக்கு அதை முதலில் இருந்து சொல்கிறேன்.

இரண்டு வேலை, இரண்டு பாகம்

சஸ்பென்ஷன் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு பாகங்கள். ஒன்று ஸ்பிரிங். இன்னொன்று அதற்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கும் டேம்பர், அதாவது எண்ணெய் நிரப்பிய குழாயும் பிஸ்டனும்.

ஸ்பிரிங்கின் வேலை சுமப்பது. வண்டி, ஆள், மூட்டை எல்லாவற்றின் எடையையும் அதுதான் தாங்குகிறது. பள்ளத்திலும் மேட்டிலும் சக்கரம் மேலே கீழே போய்வர இடம் கொடுப்பதும் அதுதான். ஆனால் ஸ்பிரிங்குக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு தடவை அழுத்திவிட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது டேம்பர். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. மருந்து கொடுக்கும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் சுலபமாகப் போகும், வேகமாக அழுத்தினால் எதிர்க்கும். அந்த எதிர்ப்புதான் டேம்பிங். ஆட்டத்தின் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாக மாறிவிடுகிறது. மோசமான ரோட்டில் ஒரு மணி நேரம் ஓடிய வண்டியின் பின் ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் சுடும்.

சுமப்பது ஸ்பிரிங், அடக்குவது டேம்பர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வண்டி அமுங்கிப் போகிறதென்றால் அது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் விஷயம். குதித்துக்கொண்டே இருக்கிறதென்றால் டேம்பரின் விஷயம். ஒன்றின் நோய்க்கு இன்னொன்றில் மருந்து தேடினால் என் கதைதான் நடக்கும்.

எண்ணெயால் அடக்குவது ஆரம்பத்தில் இருந்தே இருந்த யோசனை இல்லை. பழைய மோட்டார் சைக்கிள்களில் வெறும் ஸ்பிரிங்கும், உராய்ந்து அடக்கும் தட்டுகளும்தான் இருந்தன. எண்ணெய் டேம்பிங் உள்ள டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களை, விற்பனை வண்டியில் முதலில் கொண்டுவந்தது 1935-இல் பிஎம்டபிள்யூவின் ஆர் 12. பின்பக்கத்தில் இன்று நாம் சாதாரணமாகப் பார்க்கும், சக்கரத்தைப் பிடித்தபடி மேலே கீழே அசையும் ஸ்விங் ஆர்ம் அமைப்பை, இங்கிலாந்தில் இருந்த ராயல் என்ஃபீல்டு 1940-களின் கடைசியில் புல்லட்டில் கொடுத்தது. அந்த வண்டிதான் பிறகு சென்னைக்கு வந்து இந்திய வண்டியாகவே ஆனது.

பின்னால் உட்காருபவரின் எடை எங்கே போகிறது

ஓட்டுபவரின் எடை இரண்டு சக்கரங்களுக்கும் ஓரளவு பகிர்ந்து போகும். பின்னால் உட்காருபவர் கிட்டத்தட்டப் பின் சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார். அவர் எடையில் பெரும்பகுதி பின் ஷாக்கின் தலையில்தான் விழுகிறது. டாப் பாக்ஸ் இன்னும் மோசம். அது பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குவதால், பின்பக்கத்தை அழுத்துவதோடு முன்பக்கத்தைத் தூக்கவும் செய்கிறது.

பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் எழும்பினால் ஃபோர்க்கின் சாய்வு கூடிவிடும். வண்டி நேராகப் போக விரும்பும், திரும்ப சோம்பல்படும். வால்பாறையில் என் வண்டி வளைவுக்கு வெளியே விலகியதன் காரணம் இதுதான். டயரையும் என் ஓட்டுதலையும் நான் நாள்கணக்கில் சந்தேகப்பட்டது வீண். ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். இரவில் எதிரே வருபவர்கள் டிப் அடித்துக்கொண்டே வந்தால் முதலில் பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பாருங்கள். செயினின் தளர்வும் மாறும். செயின் ஓடும் முன் பல் சக்கரம் (ஸ்ப்ராக்கெட்), ஸ்விங் ஆர்ம் அசையும் அச்சு (பிவட்), பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும் இடத்தில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். வெறும் வண்டியில் சரியாக வைத்த செயின், இருவரும் மூட்டையும் ஏறியதும் விறைத்துப்போவது இதனால்தான்.

அளப்பது எப்படி

ஆள் ஏறியதும் வண்டி எவ்வளவு உட்காருகிறது என்ற அளவை ஆங்கிலத்தில் ‘சேக்’ என்பார்கள். நான் உட்காரும் அளவு என்றே சொல்கிறேன், நம் மெக்கானிக்குகள் பேசுவதும் அப்படித்தான்.

இது ஏன் முக்கியம்? சக்கரம் மேலே மட்டும் போனால் போதாது, கீழேயும் போக வேண்டும். மேடு வரும்போது சக்கரம் மேலே ஏறும். பள்ளம் வரும்போது கீழே இறங்கித் தரையை விடாமல் பிடிக்க வேண்டும். அதற்கு வண்டி ஏற்கெனவே கொஞ்சம் உட்கார்ந்திருக்க வேண்டும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு மொத்த நகர்வில், அதாவது சக்கரம் மேலே கீழே போய்வரக்கூடிய முழு தூரத்தில், 30 சதவீதம் அளவுக்கு உட்காருவது நல்ல தொடக்கம். 25-இல் இருந்து 35 வரை பரவாயில்லை.

எண்களுக்கு ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொள்கிறேன், நீண்ட பயணத்துக்கு நம்மூரில் நிறையப் பேர் எடுத்துப் போகும் வண்டி. முன் ஃபோர்க்கின் நகர்வு 110 மி.மீ., பின்பக்கம் 88 மி.மீ. அப்படியானால் ஆட்கள் ஏறியதும் முன்னால் 33, பின்னால் 26 மி.மீ. அளவுக்கு உட்கார வேண்டும். பழைய ஹிமாலயன் 411-இல் முன்னால் 200, பின்னால் 180 மி.மீ. நகர்வு உண்டு, அங்கே 60-உம் 54-உம். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். 88 மி.மீ. உள்ள வண்டியில் 12 மி.மீ. கூடுதலாக அமுங்கினால் அது பெரிய இழப்பு. 180 உள்ள வண்டியில் அதே 12 அவ்வளவாகத் தெரியாது. நகர்வு குறைந்த வண்டியில் பயணம் போகிறவர்கள்தான் இந்த அளவை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பின்னால் உட்காருபவர் போக, அளக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஏற, ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க. சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கட்டும். பின் ஆக்ஸிலில் இருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே ஏதாவது ஒரு புள்ளியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலில் இருந்து அந்தப் புள்ளி வரை அளந்தால் அது முதல் எண். உதாரணத்துக்கு 600 மி.மீ. என்று வைப்போம். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஆள் ஏறாமல் வண்டியை நேராகப் பிடித்து அளந்தால் இரண்டாவது எண். அப்புறம் பயணத்துக்குப் போவது போலவே, ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ, பை, பின்னால் ஆள் எல்லாவற்றோடும் ஏறி, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து, ஒருவர் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள அளந்தால் மூன்றாவது எண்.

ஒவ்வொரு தடவையும் வண்டியை ஒருமுறை அழுத்தி மெதுவாக மேலே வரவிட்டு அளங்கள். ஒருமுறை தூக்கி மெதுவாக இறங்கவிட்டு அளங்கள். உள்ளே இருக்கும் உராய்வால் இரண்டும் ஒன்றாக வராது. நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்துக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, முன் சக்கரத்தைத் தூக்கிய நிலையில் டஸ்ட் சீலுக்கு (தூசி புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, சக்கரத்தை இறக்கி மெதுவாக ஏறி இறங்கி, மறுபடி தூக்கினால் அது எவ்வளவு தள்ளப்பட்டது என்று பார்த்துவிடலாம்.

மூன்றாவது எண் 562 வந்தது என்று வைப்போம். 38 மி.மீ. உட்கார்ந்திருக்கிறது. 88-இல் அது 43 சதவீதம். மேடு ஏறும்போது சக்கரம் மேலே வர மிச்சம் இருப்பது 50 மி.மீ. மட்டுமே. அந்த ‘டங்’ சத்தத்துக்கு இதுவே போதும்.

பிரீலோடு செய்வதும் செய்யாததும்

இப்போது ஷாக்கின் வளையத்தைத் திருகும் சி வடிவ ஸ்பேனரை எடுக்கலாம். இன்டர்செப்டர் மாதிரியான வண்டிகளில் பின் ஷாக்கின் அடியில் படிப்படியாக ஏறும் வளையம் இருக்கும், அதில் 5 படிகள். அதைத் திருகினால் ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தப்படும். இதுதான் பிரீலோடு. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருப்பது கட்டாயம்.

இங்கேதான் மிகப் பெரிய தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. ‘பிரீலோடு கூட்டினால் ஷாக் கடினமாகும்’ என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் வருடக்கணக்கில் நினைத்தேன். ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியின் தடிமனிலும், சுற்றுகளின் எண்ணிக்கையிலும், சுற்றின் அகலத்திலும் இருக்கிறது. வளையத்தைத் திருகி அதை மாற்ற முடியாது.

ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகும். 20 கிலோ வைத்தால் 1 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 கிலோ வைத்தால் 2 செ.மீ. அமுங்கும். இப்போது அதை முன்கூட்டியே 1 செ.மீ. அழுத்திப் பூட்டிவிடுகிறோம். முதல் 20 கிலோவுக்கு அது அசையாது. 40 கிலோ வைத்தால் 1 செ.மீ. மட்டும் இறங்கும். அதாவது வண்டி 1 செ.மீ. உயரமாக நிற்கிறது. ஆனால் அதற்கு மேல் இன்னொரு 20 கிலோ வைத்தால்? இரண்டு நிலையிலும் அதே 1 செ.மீ.தான் இறங்கும். பிரீலோடு மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை. ஸ்பிரிங்கின் குணத்தை அல்ல.

சரி, ஸ்பிரிங் நம் எடைக்குப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் ஆள் ஏறாமல் எடுத்த அந்த இரண்டாவது எண். முதலில் பிரீலோடைத் திருகி, ஆட்கள் ஏறிய அளவை 30 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எல்லாரும் இறங்கி, வெறும் வண்டி எவ்வளவு உட்காருகிறது என்று பாருங்கள். ரோடு வண்டியின் பின்பக்கத்துக்குப் பொதுவாக 5-இல் இருந்து 10 மி.மீ. வரை இருந்தால் நல்லது. துளிகூட உட்காராமல் முழு உயரத்தில் விறைத்து நின்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது. அந்த மென்மையை மறைக்க அளவுக்கு மீறி முன்னழுத்தம் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை பார்த்தால் புரிந்துவிடும். மாறாக, வெறும் வண்டியே நிறைய உட்கார்ந்தால் ஸ்பிரிங் கடினமானது.

கடைசிப் படி வரை ஏற்றியும் இரண்டு பேருக்கு 30 சதவீதத்துக்கு வரவில்லையா? அப்போதும் ஸ்பிரிங் போதவில்லை. இந்த இடத்தில்தான் மாற்றுவதற்கான உண்மையான காரணம் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களில் பலருக்கு இந்த இடமே வரவில்லை. கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த படியிலேயே வருடக்கணக்கில் ஓட்டியிருந்தார்கள். இரண்டு படி ஏற்றியதும் வண்டி வேறு வண்டியாகிவிட்டது, செலவே இல்லாமல்.

மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

டயரில் காற்று. கேட்டால் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இரண்டு பேருக்கான அழுத்தம் வேறு, தனியாளுக்கு வேறு. வண்டியின் கையேட்டிலோ ஸ்டிக்கரிலோ இரண்டும் இருக்கும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான்.

அடுத்து கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங். அது தேய்ந்து குழி விழுந்திருந்தால் ஹேண்டில் நடுவில் ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ளும், வண்டி நேராகவே போகாது. ஸ்விங் ஆர்ம் புஷ், பின் சக்கர பேரிங் இரண்டையும் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாலே தெரியும். இவற்றில் ஆட்டம் இருக்கும்போது எந்த ஷாக்கை மாட்டினாலும் பயனில்லை.

முன் ஃபோர்க்

முன்பக்கத்தை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. பின் ஷாக் கண்ணுக்குத் தெரிகிறது, பளபளப்பாக இருக்கிறது. ஃபோர்க்குக்குள் என்ன நடக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடையில் பெரும்பகுதி பாய்வது அங்கேதான்.

விலை குறைந்த, நடுத்தர வண்டிகள் பலவற்றில் இருப்பது டேம்பர் ராட் ஃபோர்க். உள்ளே ஒரு குழாய், அதில் நிரந்தரமான துளைகள், அவ்வளவுதான். துளை வழியாகப் போகும் எண்ணெயின் எதிர்ப்பு, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். அதனால் ஃபோர்க் மெதுவாக நகரும்போது, அதாவது பிரேக் பிடிக்கும்போது, எதிர்ப்பு போதாமல் மூக்கு குப்புற இறங்கும். கூர்மையான குழியில் அதே ஃபோர்க் வேகமாக நகரும்போது எண்ணெய் போக வழியில்லாமல் கட்டை மாதிரி இறுகி மணிக்கட்டில் அடிக்கும். மென்மையும் கடினமும் தவறான இடங்களில் கிடைக்கின்றன. கார்ட்ரிட்ஜ் வகை ஃபோர்க்கில் துளைகளை மெல்லிய எஃகு வளையத் தகடுகள் மூடியிருக்கும். எண்ணெயின் அழுத்தம் கூடினால் அவை வளைந்து வழி விடும். அதனால் மெதுவான நகர்வில் நல்ல பிடிமானமும், குழியில் இளக்கமும் கிடைக்கும்.

முன்பக்கத்தில் முதல் வேலை ஃபோர்க் ஆயில் மாற்றுவது. எஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. வருடக்கணக்கில் உள்ளேயே இருந்த எண்ணெய் கறுத்து, உலோகத் துகளும் சேர்ந்து, நாற்றத்தோடு வெளியே வரும். மாற்றும்போது எவ்வளவு மில்லி ஊற்றுவது என்பதைவிட எண்ணெயின் மட்டம் முக்கியம். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பில் இருந்து எண்ணெய் வரை அளக்க வேண்டும். மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. எண்ணெய் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து, கடைசி நகர்வில் ஃபோர்க் விறைத்துவிடும், அதற்கும் மேலே போனால் ஆயில் சீல் போய்விடும். அடர்த்தி கூடிய எண்ணெய் ஊற்றினால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பிரேக்கில் இறங்குவது கொஞ்சம் குறையும், ஆனால் குழியில் அடிப்பது இன்னும் மோசமாகும்.

இரண்டாவது வேலை, எடைக்கு ஏற்ற ஸ்பிரிங். ஃபோர்க் ஸ்பிரிங்குகள் மி.மீ.-க்கு 0.85 கிலோ, 0.90, 0.95 என்று நுணுக்கமான படிகளில் கிடைக்கும். சிலவற்றில் சுற்றுகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் தள்ளியும் இருக்கும். அது அமுங்க அமுங்கக் கடினமாகும் புரோக்ரெசிவ் வகை. சில நாள் தனியாகவும் சில நாள் சுமையோடும் போகிற டூரிங் வண்டிக்கு அது ஒரு நல்ல சமாதானம். ஆனால் எப்போதும் ஒரே எடையோடு ஓட்டுபவருக்கு, முழுக்க ஒரே கடினம் உள்ள நேர் வகைதான் என் தேர்வு. ஃபோர்க் என்ன செய்கிறதென்று கையில் தெளிவாகத் தெரியும்.

இதற்கும் மேலே போக விரும்பினால் எமுலேட்டர் என்ற வால்வை டேம்பர் ராடின் தலையில் உட்கார வைக்கலாம். பழைய ஃபோர்க்கைக் கார்ட்ரிட்ஜ் மாதிரி நடக்க வைக்கும் வழி அது. ஆனால் அதற்காக ராடில் இருக்கும் துளைகளைப் பெரிதாக்க வேண்டும், பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வேறு ராடு வாங்க வேண்டியிருக்கும். முழு கார்ட்ரிட்ஜ் கிட் இன்னும் நல்லது, விலையும் அப்படியே.

பின் ஷாக் வாங்கும்போது

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ரைடிங் உடையோடு உங்கள் எடை, பின்னால் உட்காருபவரின் எடை, வழக்கமாகக் கொண்டுபோகும் மூட்டையின் எடை, பத்துப் பயணத்தில் எத்தனை தடவை இருவராகப் போகிறீர்கள். ஸ்வீடனின் ஓலின்ஸ், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் போன்ற தயாரிப்பாளர்களிடம் ஒரே ஷாக்குக்கு வெவ்வேறு கடின அளவில் ஸ்பிரிங்குகள் உண்டு. விற்பவர் எடையைக் கேட்கவில்லை என்றால் நீங்களாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் ‘எல்லாத்துக்கும் இதுதான் சார்’ என்றால் வேறு இடம் பாருங்கள்.

டூரிங் வண்டிக்கு நான் முதலில் பணம் போடச் சொல்வது கையால் திருகும் பிரீலோடு குமிழுக்கு. ஷாக்கில் இருந்து ஒரு குழாய் வெளியே வந்து, கைக்கு எட்டும் இடத்தில் குமிழ் இருக்கும். ஊட்டி வரை இருவராகப் போய், மறுநாள் காலையில் மட்டும் கல்லட்டிச் சாலையில் தனியாக ஒரு சுற்று வர நினைத்தால் பத்து நொடியில் குறைத்துக்கொள்ளலாம். சூடான சைலன்ஸருக்குப் பக்கத்தில் சி ஸ்பேனரோடு மல்லுக்கட்டும் வேலை இருந்தால் யாரும் அதைச் செய்யப்போவதில்லை, தப்பான அளவிலேயே ஓட்டுவார்கள். பிஎம்டபிள்யூ 2004-இல் கே 1200 எஸ் வண்டியில் இதையே பட்டன் அழுத்தி மாற்றும்படி கொடுத்தது. இன்றைய பெரிய டூரிங் வண்டிகளில் வண்டியே எடையை உணர்ந்து மாற்றிக்கொள்கிறது. நமக்குக் குமிழ் போதும்.

அடுத்தது ரீபவுண்ட் திருகி. அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக மேலே வர வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. ரொம்ப இளக்கமாக இருந்தால் வேகத்தடைக்குப் பிறகு பின்னால் இருப்பவர் சீட்டை விட்டு எழும்புவார். ரொம்ப இறுக்கமாக இருந்தால் இன்னொரு தொல்லை, இதைக் கண்டுபிடிப்பது கடினம். முதல் குழியில் அமுங்கிய பின்பக்கம் மேலே வருவதற்குள் இரண்டாவது குழி வந்துவிடும். அங்கே இன்னும் அமுங்கும், மூன்றாவதில் இன்னும். பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, நகர்வே மிச்சமில்லாமல் போகும். ஓட்டுபவர் ‘ஷாக் ரொம்ப ஹார்டு’ என்பார். உண்மையில் அது மேலே வர நேரம் கிடைக்காமல் கீழேயே கிடக்கிறது. நான் வாங்கிய ஷாக்கில் மென்மையான ஸ்பிரிங்கோடு இதுவும் சேர்ந்திருந்தது.

ஷாக் அமுங்கும் வேகத்தை அடக்கும் கம்ப்ரஷன் திருகிகளில் ‘ஹை ஸ்பீடு’, ‘லோ ஸ்பீடு’ என்று இருந்தால் அது வண்டியின் வேகம் இல்லை, பிஸ்டன் நகரும் வேகம். 20 கி.மீ. வேகத்தில் போய்க் கூர்மையான குழியில் விழுந்தால் அது ஹை ஸ்பீடு. நூறில் போகும்போது மெதுவாகப் பிரேக் பிடித்தால் அது லோ ஸ்பீடு.

தனியாகக் குப்பி தொங்கும் ஷாக்குகள் அழகுக்காக அப்படி இல்லை. அந்தக் குப்பியில் கூடுதல் எண்ணெயும், ஒரு பக்கத்தில் அழுத்தத்தோடு நைட்ரஜனும் இருக்கும். வாயு அழுத்திக்கொண்டே இருப்பதால் எண்ணெய் நுரைக்காது. எண்ணெய் அதிகம் என்பதால் சூடாக நேரமாகும். லடாக்கில் நாள் முழுக்க உடைந்த ரோட்டில் ஓட்டுபவருக்கு அது பெரிய விஷயம். சென்னை–பாண்டி போய்வருபவருக்கு அந்தப் பணத்தை முன் ஃபோர்க்கில் போடலாம்.

நீளத்தையும் பாருங்கள். வேறு வண்டியின் நீளமான ஷாக்கை மாட்டிப் பின்பக்கத்தை உயர்த்துபவர்கள் உண்டு. அப்போது ஃபோர்க்கின் சாய்வு குறைந்து ஹேண்டில் லேசாகி, வேகத்தில் நடுங்கக்கூடும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும். உங்கள் வண்டிக்கென்று தயாரித்ததையே வாங்குங்கள். வாரண்டி இருக்கும் வண்டியென்றால் டீலரிடம் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. ஷாக்கைப் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்ற முடியுமா, அதைச் செய்பவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். கம்பெனியில் இருந்து வண்டியோடு வரும் ஷாக்குகளில் பலவற்றைப் பிரிக்கவே முடியாது. பணம் கொடுத்து வாங்குவது பிரிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

மாட்டிய பிறகு

முதல் நாளே எல்லாத் திருகிகளையும் கடிகார முள் திசையில் முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை க்ளிக் வெளியே இருந்தது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். இறுக்கிப் பூட்டாமல், மூடியதும் நிறுத்துங்கள். எங்கே தொலைந்தாலும் திரும்பி வர இந்தக் குறிப்புதான் வழி.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு 4 கி.மீ. சுற்றைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தடை, தொடர்ச்சியான குழிகள், நல்ல ரோடு, ஒரு வளைவு எல்லாம் அதில் வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு திருகி, இரண்டு க்ளிக், அதற்கு மேல் வேண்டாம். ஓட்டிவிட்டு உடனே எழுதுங்கள். நான் மூன்று மாலைகள் இப்படிச் சுற்றினேன். ரீபவுண்டை நான்கு க்ளிக் திறந்தபோது அந்தத் தொடர் குழிகளில் வண்டி முதல் முறையாகச் சக்கரத்தை மட்டும் ஆட்டி என்னை விட்டுவிட்டது. அந்த உணர்வை வார்த்தையில் சொல்வது கஷ்டம். அப்போதுதான் எடைக்கேற்ற ஸ்பிரிங்கையும் வரவழைத்து மாட்டினேன்.

அடுத்த தடவை வால்பாறை போனபோது பின்பக்கம் 27 மி.மீ. உட்கார்ந்தது. ஆழியாறில் நிறுத்தி அளந்துவிட்டுத்தான் ஏறினோம். ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்க்க நிறுத்தியபோது மனைவி கேட்டாள், “ரோடு புதுசா போட்டிருக்காங்களா?” ரோடு பழைய ரோடுதான்.

புது ஸ்பிரிங் முதல் 1,000 கி.மீ.-க்குள் கொஞ்சம் படியும், அதனால் மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள். ஹெட்லைட்டின் உயரத்தையும், சுமையோடு செயின் தளர்வையும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றுப் பயணம் முடிந்து வந்ததும் ஃபோர்க் குழாய்களை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்த மண்தான் சீலை அறுக்கிறது. லேசாக எண்ணெய் கசிய ஆரம்பித்தாலும் உடனே சீல் போய்விட்டதென்று முடிவு செய்ய வேண்டாம். டஸ்ட் சீலைக் கீழே இறக்கி, பழைய கேமரா நெகட்டிவ் ஒரு துண்டைச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவில் செருகி ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். பல தடவை ஒரு மணல்துகளோடு கசிவும் வெளியே வந்துவிடும்.